மன்னார் வளைகுடாவில் முங்கப் போகும் மதுரைக்காரர்களுக்கு

கடலில் முங்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆழம் எவ்வளவு இருக்கும்?" மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்திலிருந்து மூன்று ஆள் உயரத்துக்குள்ளேயே இருக்கின்றன. சோழவந்தான், மேலூர்ப் பக்கத்துப் பழைய கமலைக் கிணறுகள் இதைவிட ஆழம். ஆழம் குறைவு என்பதால்தான் இங்கே தப்பு நடக்கிறது. கால் எட்டுகிறதே என்று ஊன்றுவார்கள். ஊன்றிய இடம் பவளமாக இருக்கும். நாலு மீட்டர்தானே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார்கள். நுரையீரல் கிழிவதற்கு அந்த நாலு மீட்டர் தாராளமாகப் போதும்.

எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நாலு கூட்டமாக 21 தீவுகள். 1986இல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 21 என்பது கணக்குக்குத்தான். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன.

தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படகுக்காரர் "தீவுக்குப் பக்கத்தில விடுறேன் சார், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள். பிடிபட்டால் படகோடு நீங்களும் நிற்க வேண்டிவரும். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இறங்கும் இடம் பூங்கா எல்லைக்கு உள்ளேயா வெளியேயா? அனுமதிக் கடிதம் இருந்தால் அதன் நகலைக் காட்ட முடியுமா? படகில் அவசரச் சிகிச்சைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? மூன்றில் எதற்கு மழுப்பினாலும் வேறு ஆளைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ராமநாதபுரத்தில் இருக்கும் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும். எல்லைக் கடல் என்பதால் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

பவளத்தைப் பார்த்தால் போதும், முங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை என்பவர்களுக்குக் கண்ணாடி அடிப் படகு இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அதிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் அங்கே சேர்கின்றன. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கரையோரத்திலேயே காலை வாரிவிடும். பாம்பன் கால்வாய்ப் பக்கமும் அப்படித்தான்.

தென்கடலா, வடகடலா?

மண்டபத்துக்காரர்களுக்குக் கடல் இரண்டு. தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல், வடக்கே பாக் விரிகுடா வடகடல். வைகாசி பிறந்து கச்சான் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை அடித்தால் அது அப்படியே மாறிவிடும். தை பிற்பகுதி, மாசி, பங்குனி இந்த மூன்றும் தென்கடல் பார்க்க நல்ல காலம். அப்போதும் தண்ணீர் அந்தமான்போலக் கண்ணாடியாக இருக்காது. மூன்று, நாலு மீட்டர் தூரம் தெரிந்தால் நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் காற்று அடித்திருந்தால் மண் கலங்கி, நீட்டிய கையே மங்கலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட நாளில் இறங்கினால் பவளம் கண்ணில் படுவதற்கு முன்னால் காலில் படும். கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை, ஊர் திரும்புங்கள்.

பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், மே மாதத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் சந்தடி இல்லாமல் இருக்கும், போகலாமே என்று தோன்றும். ஆனால் தண்ணீர் அதிகமாகச் சூடேறுவதும் அந்த மாதங்களில்தான். 2010, 2016 கோடைகளில் இங்கே பவளம் பெரிய அளவில் வெளுத்தது. வெளுத்த பவளம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தனக்குள் குடியிருந்து சோறு போட்ட நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் தேறவும் வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் நாம் காலில் மாட்டும் துடுப்பு கிளப்பும் மண் மேலே படிந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். எலும்பு வெள்ளையாகவோ வழக்கத்துக்கு மாறான ஊதா, நீல நிறத்திலோ பவளம் தெரிந்தால் தள்ளியே நில்லுங்கள்.

ஓத ஏற்ற இறக்கம் இந்தப் பக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஒன்றரை மீட்டர் தண்ணீரில் இருக்கும் பாறைக்கு அதுவே பெரிய வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்று நேரத்தில் பாறைக்கு மேலே முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். அப்போது மேலே மிதந்தாலும் வயிறு உரசும். தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்துப் படகைப் பேசுங்கள்.

மதுரையிலேயே முடிக்க வேண்டியவை

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, இன்சுலின் போடும் சர்க்கரை, காது அறுவை சிகிச்சை, சமீபத்திய மார்பு அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் மூச்சுக்காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கக் கூடாது. கர்ப்பிணிகள் சிலிண்டரோடு முங்கவே கூடாது. கடற்கரையில் கொடுக்கும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்து வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் படிவம் நடத்துகிறவரைத்தான் காப்பாற்றும்.

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் குளத்திலோ வேறு எந்தக் குளத்திலோ இரண்டு காரியம் செய்து பாருங்கள். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், வேகம் முக்கியமில்லை. பிறகு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். முடியவில்லை என்றால் இந்த வருடம் கண்ணாடிப் படகு.

கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் தண்ணீருக்குப் பயப்பட மாட்டார்கள்; நல்லது. ஆனால் கிணறு பழக்கிய உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், காலால் மிதித்து மிதித்து மேலே வரும். கடலில் அந்த மிதிதான் பவளத்தை உடைக்கிறது. இதை மாற்றக் குளத்தில் ஒரு பயிற்சி செய்யலாம். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, நாலடி ஆழத்தில் தரையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். துடுப்பு மாட்டிக்கொண்டு, உடம்பைப் படுக்கைவாட்டில் வைத்து, அதற்கு ஒரு முழம் மேலாக நீந்திக் கடந்து போங்கள். திரும்பிப் பார்த்தால் முதல் சில தடவை டம்ளர் உருண்டு கிடக்கும். துடுப்பு அதைத் தொட்டிருக்காது, தள்ளிய தண்ணீரே உருட்டியிருக்கும். முழங்காலை மடக்கி, பாதத்தை மேலே வைத்து, தவளைபோலப் பின்பக்கமாக உதைக்கப் பழகினால் டம்ளர் அசையாது. ஐந்து தடவை தொடர்ந்து டம்ளர் நின்றால் உங்கள் கால் கடலுக்குத் தயார்.

முகக்கண்ணாடியை வாடகைக்கு எடுப்பதைவிடச் சொந்தமாக வாங்குவது நல்லது. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் உள்பக்கத்தை இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவாவிட்டால் கடல் முழுக்கப் புகைமூட்டமாகத் தெரியும். அப்புறம் மீசை. மூக்குக்கு அடியில் சிலிக்கோன் விளிம்பு உட்கார வழியில்லாமல் தண்ணீர் கசியும். மூக்கை ஒட்டி ஒரு கோடு அளவுக்கு மட்டும் மழித்தால் போதும், முறுக்குக்கு ஒரு பங்கமும் வராது. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் பதித்த முகக்கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள்.

சன்ஸ்கிரீன் பூசாதீர்கள். பலவற்றில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளக் குஞ்சுகளுக்கு விஷம். முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை லெகின்ஸும் போட்டால் வெயிலுக்கும் ஆயிற்று, சொறி மீனுக்கும் (ஜெல்லி மீன்) ஆயிற்று. கையுறை வேண்டாம். கையுறை போட்டவர் எதையாவது பிடிப்பார். வெறுங்கைக்காரருக்குத் தொடவே கூச்சமாக இருக்கும்.

இரவு 2 மணிக்கு மதுரையில் காரை எடுத்து, 6 மணிக்குப் படகில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். தூக்கமும் தண்ணீரும் இல்லாத உடம்போடு முங்குவது ஆபத்து. முந்தின நாள் மாலையே மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ போய்த் தங்குங்கள். வழியில் பரோட்டா, சால்னாவுக்கு இறங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு இட்லி, அதுவும் ஒன்றரை மணி நேரம் முன்னால்.

படகில் ஐந்து நிமிடம்

சிலிண்டர் கட்டுகிறவர்கள் தாங்களே பார்க்க வேண்டியது இது. பயிற்சியாளர் எல்லாம் பார்த்துவிட்டார் என்று விடாதீர்கள்.

சிலிண்டரில் இருக்கும் காற்றைக் காட்டும் பிரஷர் கேஜ் 200 பார் பக்கம் காட்ட வேண்டும். கேஜைப் பார்த்துக்கொண்டே, வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே இருக்கும்போது மூச்சில் இது தெரியாது. 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரட்டிப்புக் காற்று தேவைப்படும்போது இழுக்க இழுக்க வராது. பதற்றம் அங்கேதான் தொடங்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பழைய பழக்கம். முழுதாகத் திறந்தபின் கால் சுற்றுத் திருப்பி வைப்பார்கள். அவசரத்தில் ஒருவர் முழுதாக மூடிவிட்டுக் கால் சுற்றுத் திறந்திருப்பார். முழுதாகத் திறந்து அப்படியே விடச் சொல்லுங்கள்.

காற்றில் எண்ணெய், புகை வாடை அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். கம்ப்ரஸர் தன் புகையையே உறிஞ்சியிருக்கலாம். கார்பன் மோனாக்சைடு என்றால் தண்ணீருக்குள் மயக்கம்தான். சிலிண்டர் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதி ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது. மாற்று ரெகுலேட்டரும் கேஜும் மார்போடு கிளிப்பில் மாட்டியிருக்கட்டும். தொங்கும் குழாய் பவளக் கிளையில் சிக்கினால், உங்களை நிறுத்திவிட்டுக் கிளையையும் முறித்துவிடும்.

அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் எடை விஷயத்தில் ஏமாறாதீர்கள். புதியவர்கள் சீக்கிரம் அமிழட்டும் என்று சில இடங்களில் இரண்டு, மூன்று கிலோ கூடுதலாகவே கட்டிவிடுகிறார்கள். இடுப்பு கனத்தால் கால் தொங்கும், தொங்கும் கால் தரையை உழும். காற்றுச் சட்டையை (ஊதினால் மிதக்க வைக்கும் சட்டை) காலி செய்துவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்துக்கு வந்து நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் எடை சரி. அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும். அதற்காக நிறைசிலிண்டரோடு சோதித்தபின் 2 கிலோ சேருங்கள். அதற்கு மேல் ஒரு கட்டிகூட வேண்டாம்.

நங்கூரத்தை மணலில் போடச் சொல்லுங்கள். பாறையிலோ கடல்புல் மேலோ போட்டால் இழுபடும் தூரம் முழுக்கக் கோடு விழும். இறங்கும்போதும் ஏறும்போதும் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். முதல்முறை முங்குகிறவர்கள் ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேருக்கு மேல் என்றால், இந்தக் கலங்கல் தண்ணீரில் அது அதிகம்.

தண்ணீருக்குள்

இறங்கும்போது முக்கால் மீட்டருக்கு ஒரு தடவை மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறந்துகொண்டே போங்கள். வலி வந்தபின் ஊதினால் திறக்காது. அரை மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் உட்செவி கெடும். சளி இருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் பாதியில் குறைந்து, மேலே வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

சிலிண்டரில் மூச்சு விடும்வரை ஒரே விதி: மூச்சைப் பிடிக்காதே. 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். அந்த விரிவு வேகமாக நடப்பதும் கடைசிச் சில மீட்டரில்தான். ரெகுலேட்டர் வாயிலிருந்து விழுந்துவிட்டால்கூட "ஆ..." என்று சின்னக் குமிழ் விட்டுக்கொண்டே இருங்கள்.

சிலிண்டர் இல்லாமல் முங்குகிறவர்கள் வேறு தப்பைச் செய்கிறார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்து மூச்சு இழுப்பது, யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் வைப்பது. அப்படி இழுத்தால் மூச்சு முட்டும் உணர்வுதான் தள்ளிப்போகும், ஆக்சிஜன் கூடாது. மேலே வரும் வழியில் ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரும். இரண்டு சாதாரண மூச்சு, ஒரு முங்கு, மேலே வந்து முங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓய்வு. ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலேயிருந்து பார்க்க வேண்டும்.

மான்கொம்புப் பவளத்தின் நுனியை ஒரு தடவை கிட்டத்தில், ஆனால் ஒரு கை தள்ளி நின்று பாருங்கள். நுனி மட்டும் வெளிர் நிறத்தில் இருக்கும். அதுதான் இந்த வருட வளர்ச்சி. கீழே ஊசி குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். மேலே வழவழவென்று ஒரு சளிப்படலம். மண்ணையும் கிருமியையும் அது தடுக்கிறது. விரல் பட்டால் அந்தப் படலம் வழித்துக்கொண்டு வந்துவிடும். மூளைபோல உருண்ட பவளம் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உட்காரும் அளவு உருண்டை என்றால் உங்களுக்கே மூத்ததாக இருக்கலாம்.

களைத்துவிட்டால் நிற்க இடம் தேடாதீர்கள். மல்லாந்து படுத்து, காற்றுச் சட்டையை ஊதி மிதந்து, கையைத் தூக்கிப் படகைக் கூப்பிடுங்கள். கால் ஊன்றியே ஆக வேண்டும் என்றால் வெறும் மணலில்தான். அதையும் தடவித் தடவி ஊன்ற வேண்டும். திருக்கை மணலுக்கு அடியில் படுத்திருக்கும், தேய்த்து நடந்தால் விலகிப் போகும், மிதித்தால் வாலால் குத்தும்.

கடல்பசுவோ ஆமையோ தெரிந்தால் யோகம்தான். துரத்தாதீர்கள். இரண்டும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டியவை. நீங்கள் மேலே குறுக்கே நின்றால் மூச்சு வாங்க முடியாமல் திரும்பும். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள்.

100 பார் ஆனதும் திரும்புங்கள். 50 பாரோடு மேலே இருக்க வேண்டும். ஏறுவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், அதாவது உங்கள் சின்னக் குமிழிகளை முந்தாமல் வாருங்கள். 10 மீட்டரோ அதைவிட ஆழமாகவோ போயிருந்தால் 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். தலை வெளியே வரும்போது ஒரு கை மேலே, கண் சுற்றிலும். வள்ளங்கள் அடிக்கடி போகும் கடல் இது.

கடித்தால், குத்தினால்

திருக்கை, கல்மீன், சிங்கமீன் குத்தினால் சூடான தண்ணீர்தான் முதல் மருந்து. 40 முதல் 45 டிகிரி, அதாவது குத்துப்படாத கையால் தொட்டால் பொறுக்கக்கூடிய உச்சச் சூடு. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இதற்காகவே படகில் இரண்டு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும். டீ போட்டுக் காலி செய்துவிடாதீர்கள். முள் ஆழமாகப் போயிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி மீன் பட்டால் கடல்நீரால் கழுவி, இடுக்கியால் இழையை எடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணல் போட்டுத் தேய்ப்பதும் மிச்சமிருக்கும் விஷப்பைகளையும் வெடிக்க வைக்கும்.

முங்கி வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டு, காரணமில்லாத அசதி வந்தால் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுங்கள், 108ஐ அழையுங்கள். கடலில் ஆள் காணாமல் போனால் கடலோரக் காவல்படையின் 1554.

கொடைக்கானல் முதலில், கடல் கடைசியில்

வெளியூர் விருந்தாளிகள் வந்தால் நாம் போடும் திட்டம் எல்லாருக்கும் தெரியும்: முதல் நாள் மீனாட்சி அம்மன் கோயில், இரண்டாம் நாள் ராமேஸ்வரம், மூன்றாம் நாள் கொடைக்கானல். சிலிண்டர் கட்டி முங்கியவருக்கு இந்த வரிசை ஆகாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, அந்த வாயு இரத்தத்திலும் மூட்டிலும் குமிழாகும். சோடா மூடியைத் திறந்த கதைதான். மூணாறு, மேகமலைக்கும் இதேதான். விமானத்துக்கும் அதே கணக்கு: ஒரே ஒரு தடவை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். மலையேறப் போகிறவர்கள் முழுதாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். மதுரை கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்குள்தான், ஊர் திரும்புவதில் தடை இல்லை. ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்) மட்டும் போட்டு மேலே மிதந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. திட்டத்தைத் திருப்பிப்போட்டால் சிக்கலே இல்லை.

திரும்பும் வழியில் கடைகளில் பவளத் துண்டு, கடல்குதிரை விற்றால் வாங்காதீர்கள். கடல் அட்டையும் அப்படித்தான். விற்பது மட்டுமில்லை, வைத்திருப்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த பவளமானாலும் அங்கேயே கிடக்கட்டும்.

சாமான்களைச் சுத்தம் செய்யத் தொடங்குவது வீட்டில் இல்லை, கரையிலேயே, படகை விட்டு இறங்கியதும். துடுப்புப் பட்டை, காற்றுச் சட்டைப் பை, செருப்பின் அடி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் பாசித் துணுக்கை எடுத்துக் குப்பையில் போடுங்கள், கடலில் வீசாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சைத் திணறடித்தது. அது விரல் நீளத் துணுக்கிலிருந்தே முளைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி ஊற வையுங்கள். ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து மாட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். உலர்த்துவது நிழலில், மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் ரப்பர் ஒரே கோடையில் வெடித்துவிடும்.